வழக்கின் நடுவே ஒருவர் இறந்தால்: 90 நாள் கணக்கும் விடுபட்டுப்போகும் வாரிசுகளும்

சொத்து வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்தால், காரியம் முடிந்த கையோடு வங்கிக் கணக்கு, காப்பீடு, குடும்ப அட்டை, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கு மட்டும் அந்த வரிசையில் கடைசியாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. வக்கீல் இருக்கிறார், வாய்தா நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சென்னை உரிமையியல் நீதிமன்றங்களில் தொழில் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல ஆவணங்களும் நேர்மையான சாட்சிகளும் இருந்த வழக்குகள் சாட்சி விசாரணைக்கே வராமல் முடிந்துபோனதை இங்கே பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்ததை உரிய காலத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்காததே அவற்றில் பலவற்றுக்குக் காரணம்.

சட்டம் இதைப் பற்றிச் சொல்வது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில், 22-ஆம் கட்டளையில் இருக்கிறது. வழக்கிடும் உரிமை இறந்தவரோடு போய்விடாமல் தொடருமானால், மரணத்தால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது; இறந்தவரின் இடத்தில் அவருடைய சட்டப் பிரதிநிதிகள் சேர்க்கப்பட வேண்டும். வாதி இறந்தால் 3-ஆம் விதி, பிரதிவாதி இறந்தால் 4-ஆம் விதி. இதற்கான மனுவை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்பதை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 120-ஆம் கூறில் வரையறுக்கிறது: இறந்த நாளிலிருந்து 90 நாள். நாம் மரணத்தை அறிந்த நாளிலிருந்தோ, இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்தோ அந்தக் கணக்கு தொடங்குவதில்லை.

அந்த 90 நாளும் கடந்துவிட்டால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு தானாகவே அற்றுப்போகிறது. நீதிமன்ற வளாகத்தில் ‘அபேட் ஆகிவிட்டது’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதற்கு நீதிபதி தனியாக உத்தரவு எதுவும் போட வேண்டியதில்லை என்பதைத்தான் வழக்காடிகளுக்குப் புரியவைப்பது மிகக் கடினமாக இருக்கிறது. வாய்தா தேதி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அழைப்புப் பட்டியலில் வழக்கு எண் வந்துகொண்டே இருக்கும். ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்த வழக்கு உயிரோடு இருக்காது. அற்றுப்போனதை நீக்கக் கோருவதற்கு 121-ஆம் கூறு மேலும் 60 நாள் தருகிறது. அதுவும் போய்விட்டால், தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தனி மனு போட்டு, போதிய காரணத்தைக் காட்டியாக வேண்டும்.

தேதி வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒருவர் ஜனவரி 1 அன்று இறந்தார் என்றால், அந்த நாளை நீக்கிவிட்டு எண்ண, லீப் அல்லாத ஆண்டில் ஏப்ரல் 1 அன்று 90 நாள் நிறைவடைகிறது. அடுத்த 60 நாள் மே 31 அன்று முடிகிறது. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. கெடு நீதிமன்றம் மூடியிருக்கும் நாளில் முடிந்தால், மறுபடி திறக்கும் நாளில் மனுவைத் தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சலுகையை நம்பித் திட்டமிடுவது நல்லதல்ல. கொரோனா காலத்தில் இறந்தவர்களைப் பொறுத்தவரை மட்டும் ஒரு தனி நிலை உண்டு: 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தை எல்லாக் காலவரையறைக் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 10.1.2022 அன்று உத்தரவிட்டது. அந்த இடைவெளியில் கெடு முடிந்தவர்களுக்கு 1.3.2022-இலிருந்து 90 நாள் கிடைத்தது.

பெரம்பூரைச் சேர்ந்த ஒரு குடும்பம் தந்தையின் தலைத்திவசம் முடிந்த பிறகு வந்தது. ஒரு கிரவுண்டு மனைக்கு உரிமை விளம்புகை, அதாவது அது தனக்கு உரியது என்ற அறிவிப்பு, கேட்டுத் தந்தை போட்ட வழக்கு அது. ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதங்கள்: மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா நகல், வரி ரசீதுகள். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார் மூத்த மகன். “கேஸ் அப்பா பேர்லதானே சார் இருக்கு, தீர்ப்பு வந்ததும் எங்க பேருக்கு மாத்திக்கலாம்னு இருந்தோம்” என்றார். இப்படி நினைத்ததற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் யாரும் வேறு விதமாகச் சொன்னதே இல்லை.

அவர்களுக்காக மூன்று மனுக்கள் தயாராயின: தாமதத்தைப் பொறுத்தருள ஒன்று, அற்றுப்போனதை நீக்க ஒன்று, வாரிசுகளை வாதிகளாகச் சேர்க்க ஒன்று. மூன்றையும் ஒன்றாகத்தான் போட வேண்டும். வாரிசுகளைச் சேர்க்கும் மனுவை, ‘எல்.ஆர். பெட்டிஷன்’ என்று நாங்கள் சொல்வதை, மட்டும் கொடுத்தால் மற்ற இரண்டும் எங்கே என்று அலுவலகமே திருப்பிவிடும். வாரிசுகளைச் சேர்க்கக் கோருவதையே அற்றுப்போனதை நீக்கக் கோருவதாகவும் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தாராளமாகவே சொல்லியிருக்கிறது. இருந்தாலும், மனுவைக் குறையாகப் போட்டுவிட்டு அந்தத் தீர்ப்பை வைத்து வாதாடுவதைவிட முறையாகப் போடுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

தம்புச் செட்டித் தெருவில் தட்டச்சாகி வந்த பிரமாண வாக்குமூலத்தின் வரைவையும், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. சான்றிதழில் ஐந்து பெயர்கள் இருந்தன, வரைவில் நான்கு. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோர் இருந்தார்கள். இறந்தவரின் தாயார் இல்லை. கேட்டபோது, “பாட்டிக்கு வயசு எண்பதைத் தாண்டிடுச்சு, சித்தப்பா வீட்ல இருக்காங்க, அவங்கள எதுக்கு சார் கோர்ட்டுக்கு இழுக்கணும்” என்றார் மகன். பாட்டியின் மேல் உள்ள பாசத்தால் சொன்னது அது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஓர் ஆணுக்கு அவருடைய தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் எவ்வளவு பங்கோ அவருக்கும் அவ்வளவு. அவரை விட்டுவிட்டு வாங்கும் தீர்ப்பில், ஐந்தில் ஒரு பங்குக்கு உரியவர் வழக்கிலேயே இல்லை என்ற வாதத்தை எதிர்த்தரப்பு என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

விடுபட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. இறந்தவரின் தாய்; கட்டிக்கொடுத்து வெளியூருக்குப் போன மகள்; இறந்தவருக்கு முன்பே இறந்துபோன மகனின் மனைவி, அவருடைய குழந்தைகள். இவர்கள் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். முன்பே இறந்த மகனின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், “அவங்க நம்மகூட பேச்சுவார்த்தையிலேயே இல்ல சார்” என்ற பதில் வரும். பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டப்படி அவர்களுக்கு உள்ள இடம் மாறுவதில்லை. சேர்ந்து வழக்கு நடத்த ஒருவருக்கு விருப்பம் இல்லையென்றால், அவரை மனுவில் எதிர்மனுதாரராகக் காட்டி, வழக்கில் பிரதிவாதியாகச் சேர்த்துவிடலாம். பெயர் பதிவில் இருப்பதுதான் முக்கியம். மதத்துக்கு ஏற்ப இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும்: இஸ்லாமியக் குடும்பத்தில் தாய்க்கு நிச்சயமான பங்கு உண்டு, கிறித்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருக்கும்போது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தாய்க்குப் பங்கு இல்லை.

வாரிசு என்பவரும் சட்டப் பிரதிநிதி என்பவரும் எப்போதும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இறந்தவரின் சொத்தைச் சட்டப்படி பிரதிநிதித்துவம் செய்பவரையும், அந்தச் சொத்தில் தலையிட்டு அனுபவித்து வருபவரையும்கூட, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவின் 11-ஆம் உட்பிரிவு சட்டப் பிரதிநிதி என்கிறது. உயில் இருந்தால் அதன்படி சொத்தைப் பெறுபவர் வரலாம். இன்னார்தான் பிரதிநிதி என்பதில் தகராறு எழுந்தால், 22-ஆம் கட்டளையின் 5-ஆம் விதிப்படி நீதிமன்றம் அதை விசாரித்து முடிவு செய்யும். அந்த முடிவு வழக்கைத் தொடர்ந்து நடத்துவதற்கு மட்டுமானது. உயில் உண்மையானதா, சொத்து யாருக்கு என்பதற்கெல்லாம் அது இறுதி விடையாகிவிடாது. வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழும் அப்படித்தான். உறவுமுறையைக் காட்ட அது மிகவும் உதவுகிறது. சொத்துரிமையை அது தீர்மானிப்பதில்லை. சென்னை மாநகராட்சியின் இறப்புச் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ள முடியும். வாரிசுச் சான்றிதழ்தான் நாள் பிடிக்கிறது. அது வரும்வரை 90 நாள் கணக்கு காத்திருக்காது. ஆகவே இறப்புச் சான்றிதழோடு மனுவை முதலில் தாக்கல் செய்துவிட்டு, வாரிசுச் சான்றிதழைப் பின்னால் கூடுதல் ஆவணமாகக் கொடுப்பதே சரியான முறை என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது வாதி இறந்தால் நடப்பது. பிரதிவாதி இறந்தால் சுமை மொத்தமாக வாதியின் தலையில் விழுகிறது. எதிரியின் வீட்டில் நடந்த துக்கத்தை நாம் எப்படி அறிவோம் என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு இரண்டு வழிகளில் பதில் தந்தது. தன் கட்சிக்காரர் இறந்தது வழக்கறிஞருக்குத் தெரியவந்தால் அவர் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்று 10-ஏ விதி கடமையாக்கியது. மரணம் தெரியாததால்தான் தாமதம் என்று வாதி சொன்னால், அந்த அறியாமையை நீதிமன்றம் உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 4-ஆம் விதியின் 5-ஆம் உள்விதி சொன்னது. நடைமுறையில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தரும் இறப்பு மெமோவின் தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது மிகவும் அவசியம்; தாமதத்துக்கான விளக்கம் அந்தத் தேதியைச் சுற்றித்தான் அமையும்.

2008-இல் பெருமோன் பகவதி தேவஸ்வம் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு விசாரணைக்கு எடுக்கப்பட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பட்டியலுக்கே வராமல் கிடக்கிறது. அந்தக் காலம் முழுவதும் எதிர்மனுதாரர் உயிரோடு இருக்கிறாரா என்று மேல்முறையீட்டாளர் அவ்வப்போது போய் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அதே நேரத்தில், வாய்தா தோறும் இரு தரப்பும் சந்தித்துக்கொள்ளும் விசாரணை நீதிமன்ற வழக்குகளை அது வேறாகப் பார்த்தது. அது சரியான பார்வை என்றே நினைக்கிறேன். பக்கத்து மனைக்காரர் மீது வழக்குப் போட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டதே தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எதிருரை தாக்கல் செய்யாத, அல்லது ஆஜராகி வழக்கை எதிர்க்காத பிரதிவாதி இறந்தால், அவருடைய வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து வாதிக்கு விலக்களிக்க 4-ஆம் விதியின் 4-ஆம் உள்விதி நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்தச் சலுகை தானாக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். தீர்ப்பு சொல்லப்படுவதற்கு முன்பே கேட்டுப் பெற்றாக வேண்டும் என்று 2009-இல் நம் ஊர் வழக்கொன்றில், ஞானவேல் எதிர் கனகராஜ் வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விலக்குக் கேட்காமல், இறந்த பிரதிவாதியின் பெயரிலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எதிர்த்தரப்பு வராத நிலையில் சொல்லும் தீர்ப்பு, வாங்கினால் அது நிலைக்காது.

பத்துப் பிரதிவாதிகள் உள்ள பாகப் பிரிவினை வழக்கில் ஒருவர் இறந்து, அவருடைய வாரிசுகள் சேர்க்கப்படவில்லை என்றால் மற்ற ஒன்பது பேர் மீதான வழக்காவது பிழைக்குமா? இந்தக் கேள்விக்கான அடிப்படை 1962-இல் வெளியான பஞ்சாப் அரசு எதிர் நாத்துராம் தீர்ப்பில் இருக்கிறது. இரண்டு சகோதரர்களுக்குச் சேர்த்து நில இழப்பீடு வழங்கப்பட்டது. அதை எதிர்த்து அரசு போட்ட மேல்முறையீடு நடக்கும்போது ஒரு சகோதரர் இறந்தார். உரிய காலத்தில் அவருடைய வாரிசுகளை அரசு சேர்க்கவில்லை. உயிரோடிருந்த சகோதரர் மீதான மேல்முறையீட்டை மட்டும் அனுமதித்தால், ஒரே நிலத்துக்கு ஒருவருக்கு ஒரு தொகை, மற்றவருக்கு வேறு தொகை என்று ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு தீர்ப்புகள் நின்றுவிடும். ஆகவே மேல்முறையீடு முழுவதுமே தோற்றது. பாகப் பிரிவினை வழக்கில் ஒவ்வொருவருடைய பங்கும் மற்றவர்களின் பங்கைப் பொறுத்தது என்பதால், ஒரே ஒரு கிளையை விட்டுவிட்டாலும் வழக்கு முழுவதற்கும் ஆபத்து வரும்.

உண்மையாக விசாரித்து, தெரிந்த வாரிசுகளையெல்லாம் சேர்த்த பிறகும் ஒருவர் விடுபட்டுப்போனால் சட்டம் கடுமை காட்டுவதில்லை. சேர்க்கப்பட்டவர்கள் இறந்தவரின் சொத்தைப் போதுமான அளவுக்குப் பிரதிநிதித்துவம் செய்கிறார்கள், எனவே வழக்கு அற்றுப்போகவில்லை என்று 1965-இல் வெளியான தயாராம் எதிர் ஷியாம் சுந்தரி தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நல்லெண்ணத்தோடு தேடியவருக்கு மட்டுமே. தங்கைக்குப் பங்கு போய்விடும் என்று அவர் பெயரை மறைத்துவிட்டு வந்து இந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது.

எல்லா வழக்குகளும் வாரிசுகளுக்குப் போவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மணமுறிவு கேட்ட கணவனோ மனைவியோ இறந்தால் அந்தக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. அவதூறுக்கான வழக்கும் ஆளோடு முடிகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், இருதரப்பு வாதமும் கேட்டு முடிந்து, தீர்ப்புக்காக வழக்கு ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும் இடைவெளியில் ஒருவர் இறந்தால், வழக்கு அற்றுப்போகாது என்று 22-ஆம் கட்டளையின் 6-ஆம் விதி சொல்கிறது. அந்தத் தீர்ப்பு மரணத்துக்கு முன் சொல்லப்பட்டது போலவே செல்லும்.

வழக்குப் போடும் நாளிலேயே பிரதிவாதி உயிரோடு இல்லை என்றால் 22-ஆம் கட்டளை பொருந்தவே பொருந்தாது. இறந்தவர் மீது போட்ட வழக்கு ஆரம்பத்திலிருந்தே செல்லாது. அறியாமல் நல்லெண்ணத்தோடு போட்டிருந்தால் 1-ஆம் கட்டளை 10-ஆம் விதியின்படி வாரிசுகளைச் சேர்க்க அனுமதிக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழி காட்டியது உண்மை. ஆனாலும் பழைய பத்திரத்தில் உள்ள பெயரை அப்படியே பிராதில் எழுதுவதற்கு முன், அந்தப் பெயருக்கு உரியவர் இருக்கிறாரா என்று அந்தத் தெருவில் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது. பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி அனுப்பிய சம்மன் ‘இறந்துவிட்டார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்த பிறகு படும் பாடு மிக அதிகம்.

பெரம்பூர்க் குடும்பத்தின் மூன்று மனுக்களும் செலவுத்தொகையோடு அனுமதிக்கப்பட்டன. தொகையைக் குறித்த நாளுக்குள் எதிர்த்தரப்புக்குக் கட்டி, ரசீதை நீதிமன்றத்தில் காட்டினோம். மனு அனுமதிக்கப்பட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை; பிராதின் தலைப்பில் இறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று குறித்து, புதிய வாதிகளின் பெயர், வயது, முகவரிகளைச் சேர்த்து, எந்த மனுவில் எந்தத் தேதி உத்தரவின்படி சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதி, திருத்திய நகலைத் தாக்கல் செய்ய வேண்டும். புதிய வாதிகள் ஐந்து பேரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டியார் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா வீட்டிலேயே அவருக்குப் படித்துக் காட்டி, கைரேகை பெற்றோம். “என் பிள்ளை வாங்குன மனைதானே” என்று மட்டும் கேட்டுவிட்டு விரலை நீட்டினார்.

தீர்ப்பு வந்து நிறைவேற்று மனு நடக்கும் கட்டத்தில் ஒருவர் இறந்தால் இந்த 90 நாள் பயம் இல்லை. 3, 4, 8-ஆம் விதிகள் நிறைவேற்று நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது என்று 12-ஆம் விதி விலக்களிக்கிறது. தீர்ப்பு பெற்றவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் அந்த நடவடிக்கையைத் தொடரலாம். தீர்ப்புக் கடனாளி இறந்தால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, அவருடைய பிரதிநிதிகளின் கைக்கு வந்து சேர்ந்த, உரிய முறையில் செலவிடப்படாத சொத்தின் அளவுக்கு மட்டுமே அவர்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியும். அப்பாவின் கடனுக்காக மகனின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. இந்த விலக்கைத் தெரியாமல், நிறைவேற்று மனுவும் அற்றுப்போய்விட்டது என்று நினைத்துத் தீர்ப்பு நகலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி யாராவது இதைப் படித்தால், தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். சொத்தின் சுவாதீனத்துக்கும் பணத்துக்குமான தீர்ப்பை நிறைவேற்ற காலவரையறைச் சட்டத்தின் 136-ஆம் கூறு 12 ஆண்டுகள் தருகிறது. அதற்குள் இருந்தால், தீர்ப்பு நகலையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.